எல்லாமே நல்லதுதான், எதை விடுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 34. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. வீடு பட்டர்வொர்த்தில். தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்துதான் போய்வருகிறேன். கணவருக்கு ஷிப்ட் வேலை, பையன் முதலாம் ஆண்டு. கணக்காளர்களுக்கான ஏ.சி.சி.ஏ. தொழில்முறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பட்டம் இருந்ததால் முதல் ஒன்பது தாள்களுக்கு விலக்கு கிடைத்தது. மிச்சம் நான்கில் இரண்டு பாஸ். எஸ்.பி.ஆர். என்ற நிதி அறிக்கைத் தாள் மட்டும் இரண்டு முறை 46, 47 என்று காலை வாரிவிட்டது. இன்னொரு தாளைத் தொடவே இல்லை. மேல்நிலையில் முதல் தாளை 2022இல் பாஸ் செய்தேன். அதிலிருந்து ஏழு ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும்.

இதற்கு நடுவில் எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயிலுக்கு நான்தான் பொருளாளர். சனிக்கிழமை காலையில் படிவம் ஐந்து பிள்ளைகளுக்குக் கணக்கியல் இலவச டியூசன். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடுகளுக்கு மருதாணி போடுகிறேன், பையன் செலவு அதில்தான் ஓடுகிறது. நாத்தனார் கேட்டரிங் தொடங்கி என்னைப் பங்காளியாகக் கூப்பிடுகிறார். போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, கம்பெனி புது மென்பொருளுக்கு மாறுகிறது, அந்தப் புராஜெக்டில் ஓராண்டுக்கு உன்னைப் போடலாமா என்றார். இதில் எதுவுமே கெட்டதில்லை அம்மா. எதை விடுவது?
– பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: கெட்டது ஒன்று இருந்திருந்தால் நீ எனக்கு எழுதியிருக்கவே மாட்டாய், மகளே. நீயே விட்டிருப்பாய்.

முதலில் விட வேண்டியது மேனேஜர் சொன்ன புராஜெக்ட். அதிர்ச்சியாக இருக்கும், தெரியும். பட்டியலிலேயே பளபளப்பானது அதுதான்; பதவி உயர்வு வாடை வேறு அடிக்கிறது. ஆனால் எஸ்.பி.ஆர். படிக்க உனக்கு இருக்கிற அதே இரவு எட்டு மணியை, அதே தலையைத்தான் அது கேட்கும். மென்பொருள் மாற்றும் வேலைக்கு இரவு கிடையாது, வார இறுதி கிடையாது. பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒத்துப்போகிற வரைக்கும் கணக்குப் பிரிவுக்காரருக்குத் தூக்கம் இருக்காது. மேனேஜரிடம் போய், "இரண்டு தாள் பாக்கி இருக்கு. முடிச்சதும் அடுத்த புராஜெக்ட்ல என்னைப் போடுங்க" என்று நேரே சொல். தொழிற்சாலையில் புராஜெக்டுக்குப் பஞ்சமே வராது. உன் ஏழு ஆண்டுக்குத்தான் கணக்கு உண்டு: 2029.

நான் 1977இல் பாயான் லெப்பாஸில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். சுதந்திர வணிக வட்டாரம் திறந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் தாமானில் பாதிப் பெண்கள் ஒரே கம்பெனி பஸ்ஸில் போவோம். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பி சில்லில் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு தொகுதிச் சரக்கை லாட் என்போம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு லாட் கார்டு. எந்த ஸ்டேஷனில் யார் தொட்டது, எத்தனை மணிக்கு என்று அதில் எழுத வேண்டும். புதிதாக வந்த சூப்பர்வைசர்கள் எல்லாரையும் சந்தோஷப்படுத்த நினைத்து பத்து லாட்டை ஒரே நேரத்தில் திறந்துவிடுவார்கள். மேசை நிறைய தட்டு இருக்கும், பார்க்க வேலை பறக்கிற மாதிரி தெரியும். ஷிப்ட் முடியும்போது பெட்டியில் போன லாட் ஒன்றுகூட இருக்காது. இன்னொரு தொல்லை, மெஷினை ஒரு லாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் முதலில் வருகிற சில துண்டுகளைச் சோதித்துத் தள்ளத்தான் வேண்டும். உன் 46, 47ஐப் பார்த்ததும் எனக்கு அந்த மேசைதான் கண்ணில் தெரிந்தது. பாடம் புரியாதவளுக்கு 47 வராது. கோயில் ரசீதை மூடிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து, மனசு வந்து உட்காருவதற்குள் பத்தரை ஆகிவிடுகிறவளுக்குத்தான் அது வரும்.

அதனால் எது எத்தனை மணி நேரம் எடுக்கிறது என்று கணக்குப் போடாதே. வேலை முடிந்த பிறகும் எது உன்னைத் துரத்திக்கொண்டு வருகிறது என்று பார். மருதாணி, கை காய்ந்து காசு வாங்கினதும் முடிந்தது. பட்டர்வொர்த் வந்து சேரும்போது அது தலையில் இருக்காது. செலவுக்கும் ஆகிறது, வைத்துக்கொள். கோயில் பொருளாளர் வேலை அப்படியா? அர்ச்சனைச் சீட்டில் பத்து வெள்ளி (ரிங்கிட்) இடித்தால் ராத்திரி பதினொன்றுக்கு போன் வரும். அதை விடு.

ஆனால் கோயிலை வாட்ஸ்அப்பில் விடாதே! நம் ஆட்கள் செய்கிற பெரிய தப்பு இதுதான். குழுவில் "சொந்தக் காரணங்களால்" என்று கைகூப்புப் படத்தோடு ஒரு செய்தி, அப்புறம் போனை எடுக்காமல் இருப்பது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து தலைவரிடம் நேரில் சொல். ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை இருக்கிறேன் என்று சொல். கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். அதற்கான கணக்கை முடித்து, பேங்க் புத்தகம், ரசீதுக் கட்டு, காசோலைப் புத்தகம் மூன்றையும் அடுத்தவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள். முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். இரண்டு வெள்ளிக்கிழமை உனக்குப் பொங்கல் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

நாத்தனாரிடம் மட்டும் "பார்க்கலாம் அண்ணி" என்று சொல்லிவைக்காதே. அவர் அதை நம்பிப் பாத்திரம் வாங்குவார், கடன் எடுப்பார், நீ வருவாய் என்று நாலு பேரிடம் சொல்வார். ஆறு மாதம் கழித்து நீ சொல்லும் "இல்லை"யில் குடும்பமே உடையும். இன்றைக்குச் சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனஸ்தாபத்தோடு போகும்.

டியூசன் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்தாதே. அவர்கள் படிவம் ஐந்தின் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடிக்கட்டும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தை எடுக்காதே. உன்னிடம் படித்து இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிற பிள்ளை யாராவது இருப்பாள், அவளிடம் கொடு.

இப்போது தேதி. இந்தத் தாள்களை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று வருஷத்தில் நான்கு முறை எழுதலாம். உனக்கு மேசையில் ஒட்டவேண்டியது தமிழ் நாட்காட்டி. டிசம்பருக்கு முன்னால் தீபாவளி, அப்புறம் ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணம். மார்ச்சுக்கு முன்னால் பொங்கல், தைப்பூசம், தை முகூர்த்தம். ஜூன் என்றால் வைகாசிக் கல்யாணம் உன் கழுத்தைப் பிடிக்கும். செப்டம்பருக்கு முன்னால் ஆடி! கல்யாணம் கிடையாது, மருதாணி ஆர்டர் கிடையாது. ஆடித் திருவிழாவுக்கு ஓடுகிறவர்கள் கோயில் பொறுப்பில் இருப்பவர்கள்தான். நீதான் பொறுப்பைக் கொடுத்திருப்பாயே. எஸ்.பி.ஆரை செப்டம்பரில் எழுது. கடைசித் தாளை அதன் முடிவு வந்த பிறகு யோசி. இரண்டையும் சேர்த்துக் கட்டாதே, பரீட்சைக் கட்டணம் என்ன விலை விற்கிறது என்று உனக்கே தெரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். விட்ட பிறகு கொஞ்ச நாள் வயிற்றைப் பிசையும். 2004இல் ஷின், ஏரியலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள், என் மகன்தான் காட்டினான். கணினித் திரையில் மூன்று கதவுகள். ஒன்றைத் திறந்து உள்ளே அழுத்தினால் காசு வரும். கதவுக்குக் கதவு தாவினால் ஓர் அழுத்தல் வீண். சும்மா விட்ட கதவு சிறுத்துக்கொண்டே போய்க் காணாமல் போய்விடும் என்று வைத்தார்கள். அவ்வளவுதான், ஆட்கள் காசு வரும் அறையை விட்டுவிட்டு, மூடப்போகிற கதவைக் காப்பாற்ற ஓடினார்கள். அதனாலேயே கையில் வந்த காசு குறைந்தது. புராஜெக்டுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று காதில் விழும் அன்றைக்கு உனக்கும் கால் பரபரக்கும். மேனேஜர் அறைப் பக்கம் போகாதே. கேண்டீனுக்குப் போய் ஒரு தே தாரிக் குடி.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஸ்குவாஷ், பரதம், வயலின் மூன்றும் போகிறாள். மூன்றிலும் நன்றாகவே செய்கிறாள். ஸ்குவாஷ் பயிற்சியாளர் மற்ற இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார். சின்னப் பிள்ளைதானே, இப்போதே எதற்கு?
– ஒரு தாய், பாயான் பாரு

பதில்: பயிற்சியாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கோபிக்காதீர்கள். நம் பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட்டையே பாருங்கள். 1983இல் பிறந்தவர், 1999இல் உலக ஜூனியர் சாம்பியன். அப்புறம் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்த் தங்கி, லிஸ் இர்விங்கிடம் பயிற்சி எடுத்தார். எட்டு முறை உலகப் பட்டம், 2006 தொடங்கித் தொடர்ந்து ஒன்பது ஆண்டு உலகின் முதலிடம். ஆம்ஸ்டர்டாமில் என்ன இருக்கிறது? குளிர் இருக்கிறது, நம் ஊர்ச் சோறு நாசி கண்டார் இல்லை. வீட்டையும் ஊரையும் விட்டுத்தான் அது வந்தது.

ஆனால் உங்கள் கடிதத்தில் மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. பயிற்சியாளர் சொல்கிறார், நீங்கள் சொல்கிறீர்கள், காரை நீங்கள் ஓட்டுகிறீர்கள். வரும் பள்ளி விடுமுறையில் எதையும் ஞாபகப்படுத்தாதீர்கள். நேரமாச்சு என்று கத்தாதீர்கள், பையை எடுத்துவைக்காதீர்கள். எந்தப் பையை அவளே தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள் என்று பாருங்கள். வயலினாகவும் இருக்கலாம். அப்படியிருந்தால் பயிற்சியாளருக்கும் உங்களுக்கும் சேர்த்து ஏமாற்றம்தான், அவளுக்கு இல்லை.

கேள்வி: வயது 66, பணி ஓய்வு. எங்கள் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்கு வந்தவர். அந்தக் குடும்பக் கதையைப் புத்தகமாக எழுத ஆசை. 91 வயது அம்மா சுங்கை பட்டாணியில் தம்பி வீட்டில் இருக்கிறார், அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் மூத்தோர் சங்கம், தேவார வகுப்பு, ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் காவல்) ரோந்து, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என்று நாள் ஓடிவிடுகிறது.
– ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: அண்ணே, நீங்கள் முதலில் விட வேண்டியது புத்தகம்.

அட்டை, அத்தியாயம், வெளியீட்டு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தால் அம்மாவுக்கு 92 ஆகிவிடும். எழுத்தை நீங்கள் 75 வயதிலும் எழுதலாம். அம்மா சொல்வதை அப்போது கேட்க முடியாது. வாரத்தில் ஒரு காலை சுங்கை பட்டாணிக்குப் போங்கள். போனில் பதிவு பட்டனை அழுத்தி அம்மா பக்கத்தில் வையுங்கள். "தாத்தா எப்படி வந்தார்?" என்று பெரிசாகக் கேட்காதீர்கள், "கப்பல்ல வந்தாருப்பா" என்று முடித்துவிடுவார். எஸ்டேட்டில் காலையில் என்ன பசியாறினீர்கள், பால் மரம் (ரப்பர்) வெட்ட எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், முதல் சேலை யார் வாங்கிக் கொடுத்தார் என்று கேளுங்கள். அந்த ஒரு காலைக்காக ரோந்தையோ சங்கத்தையோ விடுங்கள், எது உங்களுக்கு அலுப்போ அது.

தண்ணீர்ப் பந்தலை விட வேண்டாம். அதனால் உங்கள் புத்தகம் ஒரு பக்கம்கூட நகராது, இருந்தாலும் தண்ணீர்மலைப் பாதையில் வருஷத்துக்கு ஒரு தடவை மோர் ஊற்றிக் கொடுக்காத மனிதராக நீங்கள் மாற வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

கேள்வி: ஒன்றை வேண்டாம் என்று சொல்லும்போது காரணம் சொல்லத்தான் வேண்டுமா?
– செபெராங் ஜெயா

பதில்: உண்மைக் காரணம் ஒன்று போதும், அதுவும் சுருக்கமாக. பொய்க் காரணம் வேண்டவே வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னால், காய்ச்சல் விட்டதா என்று அடுத்த வாரமே போன் வரும்.