மச்சான் என்றால் யார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கை கேட்கிறார்: "தோட்டத்தில் வளர்ந்தேன், தமிழ்ப்பள்ளியில் படித்தேன். மலாயும் சரளம். கிளினிக்கில் பாட்டிமார்களுக்கு நான்தான் பேசிக் கொடுப்பேன். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு இது போதுமா, ஐயா?"

பாதி போதும், தங்கச்சி.

கிளினிக்கில் பாட்டி பத்து வாக்கியம் சொன்னால், நீங்கள் "கால் வலியாம்" என்று சுருக்கியிருப்பீர்கள். அங்கே அது உதவி, நீதிமன்றத்தில் அது தப்பு. சாட்சியின் தடுமாற்றம், கெட்ட வார்த்தை, "இருக்கலாம்" என்ற இழுவை எல்லாம் அப்படியே போக வேண்டும். அவர் "நான் பார்த்தேன்" என்றால் நீங்களும் மலாயில் "சாயா நம்பாக்" என்றே சொல்ல வேண்டும். "பார்த்தாராம்" கூடாது.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாட்சி, "மச்சான் கூப்பிட்டான், போனேன்" என்றார். மலாயில் "அபாங் இப்பார்", அதாவது அக்கா புருஷன், என்று சொல்லிவிட்டேன். குறுக்கு விசாரணையில் அக்கா வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார்கள். "எனக்கு அக்காவே இல்லையே!" என்றார் சாட்சி. அவர் பொய் சொல்வதுபோல் ஆகிவிட்டது. நம் தோட்டங்களில் மச்சான் என்பவர் அக்கா புருஷனாகவும் இருக்கலாம், மாமா மகனாகவும் இருக்கலாம், சும்மா கூட்டாளியாகவும் இருக்கலாம். எழுந்து நின்று, பிழை என்னுடையது என்று நீதிபதியிடம் சொன்னேன். கை நடுங்கியது. இந்த வேலைக்கு முதலில் வேண்டியது அந்தத் துணிச்சல்தான். சந்தேகம் வந்தால் அனுமதி கேட்டு, சாட்சியிடமே விளக்கம் பெறுங்கள். ஊகிக்காதீர்கள்.

மலாயில் "டியா" அவனா, அவளா என்று காட்டாது. அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு நிம்மதி, தமிழில் உள்ள "நாம்", "நாங்கள்" வேறுபாடு மலாயில் கித்தா, காமி என்று அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றினால் அது தொலைந்துபோகும்.

எண், தேதி, வண்டி நம்பர் எதையும் ஞாபகத்தை நம்பி விடாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். சின்ன ஊரில் எல்லாரும் தெரிந்தவர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உறவுக்காரர் என்றால், வழக்கு தொடங்கும் முன்பே சொல்லி விலகிக்கொள்ளுங்கள். கேட்டதை வீட்டிலும் பேசக்கூடாது. சில வழக்குகள் ராத்திரி தூங்க விடாது, அதற்கும் மனம் தயாராக இருக்கட்டும்.

விண்ணப்பம் பொதுச் சேவை ஆணையம் வழியாகப் போகும். அதற்கு முன் ஒரு நாள் ஈப்போ நீதிமன்றத்துக்குப் போய்ப் பொதுமக்கள் வரிசையில் உட்காருங்கள். மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் முன், அந்த வாக்கியத்தை நீங்கள் மனதுக்குள் மாற்றிப் பாருங்கள். எங்கே திணறினீர்களோ, அந்தச் சொற்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள்.