ஜூபிடருக்குப் போகவே அஞ்சரை வருஷம், டென்யூர்ங்கற நிரந்தர வேலைக்கு ஆறு வருஷம்

கேள்வி: என் பையன் அமெரிக்காவுல கிரக இயற்பியல்ல போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை) பண்றான். அசிஸ்டெண்ட் ப்ரொபசர் வேலைக்கு அப்ளை பண்ணி அஞ்சு மாசமாச்சு, கேட்டா "கமிட்டி பார்க்குதும்மா"ன்னே சொல்றான். ஒரு வேலைக்கு இவ்ளோ நாளா? (ஒரு அம்மா, திருச்சி)

பதில்: ஆகும்மா, பையன் கதை விடல. அங்க பெரும்பாலும் ஆகஸ்ட்டுக்கு அப்புறம்தான் விளம்பரம் வரும், வருஷக் கடைசிக்குள்ள அப்ளிகேஷன் போயிரணும். டிபார்ட்மெண்ட் ப்ரொபசருங்க சில பேர் சேர்ந்து சர்ச் கமிட்டி, அவங்களுக்கும் கிளாஸ் இருக்கு, பேப்பர் திருத்தற வேலை இருக்கு, அதுக்கு நடுவுல குவிஞ்சு கிடக்கற ஃபைலையெல்லாம் படிச்சு, கொஞ்சம் பேரை ஜூம்ல பேசவிட்டு, அதுலயும் கழிச்சு மூணு நாலு பேரைத்தான் நேர்ல கூப்பிடுவாங்க. அந்த ரெண்டு நாள் இருக்கே, அது பெரிய கூத்து. காலைல டீன், அப்புறம் அரை மணிக்கு ஒரு ப்ரொபசர், மதியம் ஸ்டூடண்ட்ஸோட சாப்பாடு, தன் ஆராய்ச்சியைப் பத்தி ஒரு மணி நேரப் பேச்சு (ஜாப் டாக்), சில இடத்துல ஸ்லைடே இல்லாம போர்டுல சாக்பீஸ் பிடிச்சு அடுத்த அஞ்சு வருஷத்து திட்டத்தை விளக்கணும், ராத்திரி டின்னர். டின்னர்லயும் மனசுக்குள்ள மார்க் போட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. கல்யாணம் ஆச்சா, குழந்தை இருக்கான்னு மட்டும் கேக்கக்கூடாது (நம்ம ஊர்ல முதல் கேள்வியே அதுதான்!). இவ்வளவும் முடிஞ்சு ஆஃபர் வாங்கினவர் வேண்டாம்னுட்டா ரெண்டாவது ஆளுக்கு போன் போகும், அதனால நேர்ல போயிட்டு வந்தப்புறம் சத்தமே இல்லைன்னா பையன் ரெண்டாவது இடத்துல இருக்கான்னு கூட இருக்கலாம்.

கேள்வி: நான் சனியோட நிலா டைட்டன் பத்தி பிஎச்டி முடிச்சிருக்கேன். நாசாவோட டிராகன்ஃபிளைங்கற பறக்கற விண்கலம் அங்க போகப்போகுதே, அதையே ரிசர்ச் பிளானா வச்சா அமெரிக்காவுல ப்ரொபசர் வேலை கிடைக்குமா? (பெங்களூர் வாசகர்)

பதில்: இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. டிராகன்ஃபிளை கிளம்பறது 2028 ஜூலைன்னு திட்டம், டைட்டன்ல இறங்கறது 2034. இந்த வருஷமோ அடுத்த வருஷமோ நீங்க வேலைல சேர்ந்தா டென்யூர் முடிவு சுமார் ஆறாவது வருஷத்துல வந்துரும், அப்போ உங்க மிஷன் இன்னும் வழியிலதான் இருக்கும், ஒரு பைட் டேட்டா கூட கையில இருக்காது. மத்த மிஷனும் இதே கதைதான்: நாசாவோட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபர்ல கிளம்பி 2030 ஏப்ரல்லதான் ஜூபிடரை தொடுது, ஐரோப்பாவோட ஜூஸ் விண்கலம் 2023ல கிளம்பினது, 2031 ஜூலைலதான் அங்க சேருது. வேற இயற்பியல் பிரிவுல இந்தத் தலைவலி இவ்வளவு கிடையாது, டேபிள் மேல எக்ஸ்பெரிமெண்ட்னா அடுத்த மாசமே ஏதாவது ரிசல்ட் வரும். அதனால கமிட்டில ஒருத்தர் கண்டிப்பா கேட்பார்: அதுவரைக்கும் என்ன பண்ணுவ? அதுக்கு பதில் ரெடியா இருக்கணும். கசினி விண்கலம் 2004லருந்து 2017 வரைக்கும் சனியை சுத்தி எடுத்த டேட்டா நாசா ஆர்க்கைவ்ல சும்மாவே கிடைக்குது, ரேடார் படமெல்லாம் இன்னும் தோண்ட இடமிருக்கு. ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்புக்கு ப்ரொபோசல் போடலாம், டைட்டன்ல பெய்யற மீத்தேன் மழைக்கு கம்ப்யூட்டர் மாடல் எழுதலாம், லேப்ல அங்க இருக்கற மாதிரி மைனஸ் 180 டிகிரில ஐஸ் எப்படி உடையுதுன்னு பார்க்கலாம். டிராகன்ஃபிளை பேரை கடைசி பாராவுல போடுங்க, முதல் பாராவுல வேண்டாம். என்னைக் கேட்டா, ஆராய்ச்சிப் பேப்பர் எண்ணிக்கையை விட இந்த டைம்டேபிளை யோசிச்சவனான்னு பார்க்கறதுதான் நியாயமான சோதனை.

கேள்வி: ஸ்டார்ட்-அப் பேக்கேஜ்னு சொல்றாங்களே, கம்பெனி ஆரம்பிக்கவா? (ஈரோடு)

பதில்: இல்லைங்க, புதுசா வர்ற ப்ரொபசர் லேப் வைக்க யுனிவர்சிட்டி குடுக்கற பணம். மாடல் பண்றவருக்கு கம்ப்யூட்டர் நேரமும் ஒரு ஸ்டூடண்டும் போதும், வேக்யூம் சேம்பர் வேணும்னு சொல்ற ஆளுக்கு செலவு எங்கயோ போயிரும், அதனாலயே டிபார்ட்மெண்ட்ல யாரை எடுக்கறதுன்னு சண்டை வரும். அப்புறம் சம்பளம் பல இடத்துல 9 மாசத்துக்குத்தான், கோடை மாசத்துக்கு நாசா மாதிரி இடத்துல கிராண்ட் வாங்கி தானே பார்த்துக்கணும்.

கேள்வி: அங்க போகாம இந்தியாவுலயே இந்தப் படிப்புக்கு வாத்தியார் வேலை இருக்கா? (நாமக்கல் வாசகி)

பதில்: இருக்கு, ஆனா எந்த டிபார்ட்மெண்ட் கதவைத் தட்டறதுன்னுதான் குழப்பம். கிரக இயற்பியல் ஃபிசிக்ஸுக்கும் ஜியாலஜிக்கும் நடுவுல நிக்குது. ஃபிசிக்ஸ் துறை விளம்பரத்துல எம்எஸ்சி ஃபிசிக்ஸ்னு போட்டிருந்தா, அப்ளைடு ஜியாலஜி படிச்சு சந்திரயான் டேட்டால பிஎச்டி பண்ணவங்க ஃபைல் முதல் ரவுண்டுலயே ஓரமா போயிரும், எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கல. யுஜிசி 2023ல அசிஸ்டெண்ட் ப்ரொபசருக்கு பிஎச்டி கட்டாயமில்லை, நெட் அல்லது செட் தகுதித் தேர்வு போதும்னு மாத்தினாங்க, ஆனா ஐஐடி மாதிரி இடத்துல பிஎச்டி இல்லாம உள்ள நுழையவே முடியாது. அகமதாபாத் பிஆர்எல் (இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம்), திருவனந்தபுரம் ஐஐஎஸ்டி (விண்வெளிக் கல்வி நிறுவனம்), ஐஐடி கான்பூரோட விண்வெளித் துறை, ஐஐடி இந்தூரோட வானியல் துறை, இந்த நாலு வெப்சைட்டையும் அடிக்கடி பாருங்க. பிஆர்எல் யுனிவர்சிட்டி இல்லை, ஆனா ஆய்வு மாணவர்களை எடுக்கறாங்க. சந்திரயான் லேண்டரை சோதிக்க நிலா மண்ணு மாதிரி மண்ணு உங்க மாவட்டத்துலருந்துதான் போச்சு, அதுல சேலம் பெரியார் பல்கலைக்கழக ஜியாலஜி துறையும் வேலை செஞ்சாங்க, அங்க ஒரு தடவை நேர்ல போய் பேசிப் பாருங்க.

கேள்வி: ரெக்கமெண்டேஷன் லெட்டர் பெரிய ஆளுகிட்ட வாங்கணுமா? (மதுரை)

பதில்: உங்களைத் தெரிஞ்ச ஆளுகிட்ட வாங்குங்க. நூறு பேர் பேர் போட்ட மிஷன் பேப்பர்ல உங்க பங்கு எதுன்னு கமிட்டிக்குத் தெரியாது, "அந்த கேலிப்ரேஷன் (கருவியோட அளவு சரிபார்க்கற வேலை) முழுக்க இவதான் பண்ணா"ன்னு ஒரு வரி எழுதத் தெரிஞ்ச ஆளா இருக்கணும். கடைசி தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே கேட்டு வைங்க, ப்ரொபசருங்க மறந்துருவாங்க.