போல்ட்டின் தலையைப் பாருங்கள்: சஸ்பென்ஷன் போல்ட், நட் கேள்வி பதில்

மாரி முடிந்து வெள்ளம் வடிந்தால் எங்கள் கராஜுக்கு வருகிற வாகனங்களில் பாதி, முன்பக்கம் 'டக் டக்' என்று தட்டுகிறவைதான். கிரவல் வீதியின் கிடங்குகள் செய்கிற வேலை அது. சக்கரத்தைத் தாங்குகிற லோவர் ஆமின் புஷ் (றப்பருக்குள் இரும்புக் குழாய் வைத்தது), போல் ஜொயின்ற், ஷொக் எல்லாம் மாற்றுவோம். கடைசியில் வந்து நிற்கிற கேள்வி போல்ட்டும் நட்டும். இந்தக் கிழமை வந்தவை எல்லாமே அதைப் பற்றித்தான்.

கிளிநொச்சி: அண்ணை, வானின் லோவர் ஆம் போல்ட் புஷ்ஷுக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிட்டது. வெட்டித்தான் எடுத்தோம். ஹாட்வெயார் கடையில் அதே தடிப்பில், அதே நீளத்தில் ஒன்று இருக்கிறது. விலையும் கொஞ்சம். போடலாமா?

தடிப்பும் நீளமும் சரி. தலையில் என்ன எழுதியிருக்கிறது? கையில் எடுத்துப் பாருங்கள். 8.8, 10.9 என்று இலக்கம் இருக்க வேண்டும். முதல் இலக்கத்தை நூறால் பெருக்கினால், அறுவதற்கு முன் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றருக்கும் அது தாங்குகிற இழுவிசை, நியூட்டனில். இதைத்தான் மெகாபஸ்கல் என்பது. 10.9 என்றால் 1000. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற 9, அந்த ஆயிரத்தில் 90 வீதம் வரை இழுத்தாலும் விட்டால் பழைய நீளத்துக்கே வந்துவிடும் என்று சொல்கிறது. 8.8 என்றால் 800, அதில் 80 வீதம். ஜப்பான் வாகனங்களில் கம்பனி தன் சொந்த அடையாளத்தையும் போட்டிருக்கும். அப்படியானால் பழைய போல்ட்டின் துண்டை எறியாமல் பாகக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒன்றுமே எழுதாத போல்ட் கூரைத் தகரத்துக்கும் கேற்றுக்கும் நல்லது.

அடுத்தது மரை இல்லாத மொழுக்கான பகுதி. ஹாட்வெயார் போல்ட்டுகளில் நிறைய, தலை வரைக்கும் மரை போட்டவை. ஒரு முறை வாடகை வான் ஒன்று தட்டுகிற சத்தத்தோடு வந்தது. கழற்றினால் லோவர் ஆமில் லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) கலப்பையின் போல்ட்! யார் போட்டது என்று ஓட்டுநருக்கும் தெரியவில்லை. மரை முழுக்கத் தேய்ந்து, நடுவில் இரண்டு இடத்தில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. லோவர் ஆம் மாட்டுகிற பிறக்கற்றின் (இரண்டு காதுள்ள இரும்புத் தாங்கி) துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. புஷ்ஷின் உள்குழாய்க்குள் விரலை விட்டால் மரையின் அச்சு அப்படியே தட்டுப்பட்டது. 12 மி.மீ. போல்ட் என்றாலும் மரையின் அடியில் அது ஏறத்தாழ 10 மி.மீ.தான். மீதி இடைவெளியில் கிரவலுக்குக் கிரவல் ஆடிக்கொண்டே வந்திருக்கிறது. போல்ட்டை மாற்றுவது சின்ன வேலை. பிறக்கற்றை வெட்டி, புதிது வைத்து வெல்டிங்கில் ஒட்டியதுதான் இரண்டு நாளைத் தின்றது.

ஆகவே மொழுக்கான பகுதி பிறக்கற்றின் இரண்டு காதுகளிலும் உட்கார வேண்டும், மரை நட் பக்கத்துக் காதின் வெளி ஓரத்தை ஒட்டித் தொடங்கினால் போதும். புதிதாகக் கிடைக்காவிட்டால், அதே மொடலின் றீகண்டிஷன் (பாவித்து இறக்கிய) லோவர் ஆமோடு வருகிற போல்ட்டைத் தேடலாம். கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். ஆனால் கழுத்தில் துருக்குழி விழுந்ததை வாங்காதீர்கள்.

மாங்குளம்: புதிய நட் மூன்று சுற்று கையால் போகிறது, பிறகு இறுகுகிறது. ஸ்பனர் போட்டு இழுத்தால் போகும் போலிருக்கிறது.

இழுக்காதீர்கள்! மரையின் இடைவெளி வேறு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற 10 மி.மீ. போல்ட்டுக்கு மரை இடைவெளி 1.5. ஜப்பான் காரில் பெரும்பாலும் 1.25. 12 மி.மீ. என்றால் கடைப் போல்ட் 1.75, காரில் 1.25 அல்லது 1.5. அடிமட்டத்தை மரையில் வைத்து பத்து இடைவெளியை அளவுங்கள். 12.5 மி.மீ. வந்தால் 1.25, 15 வந்தால் 1.5.

ஸ்பனர் அளவை நம்பவும் கூடாது. ஜப்பான் காரின் 10 மி.மீ. போல்ட்டுக்கு 14 ஸ்பனர், ஐரோப்பிய அளவில் அதே போல்ட்டுக்கு 16 அல்லது 17. தலையைப் பார்த்துத் தடிப்பைச் சொல்கிறவர் ஒரு நாள் மாட்டுப்படுவார்.

முல்லைத்தீவு: கடற்கரையில் இருக்கிறோம், எல்லாம் துருப்பிடிக்கிறது. ஸ்டெயின்லெஸ் போட்டால் என்ன?

ஆசை விளங்குகிறது தங்கச்சி. ஆனால் கடையில் கிடைக்கிற ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் தலையில் ஏ2-70 என்றிருக்கும். அந்த 70, 700 மெகாபஸ்கல். நீண்டுபோகத் தொடங்குவது 450 இலேயே. 10.9 இருந்த இடத்தில் அதைப் போட்டால் இறுக்கும்போதே இழுபட்டுவிடும். அதோடு ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு இறுகிப்போகிற குணமும் உண்டு.

கம்பனி போல்ட்டையே போடுங்கள். புஷ் குழாய்க்குள் போகிற மொழுக்கான பகுதியில் மட்டும் மெல்லிசாகக் கிறீஸ் பூசுங்கள். இறுக்கி முடித்த பிறகு வெளியே தெரிகிற மரையிலும் தலையிலும் பூசலாம். இறுக்கும் முன் மரையில் பூசினால் அதே முறுக்குக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும். பழைய எஞ்சின் ஒயிலை அள்ளி ஊற்றுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது புஷ்ஷின் றப்பரை ஊதவைக்கும்.

வவுனியா: 10.9 ஐ விட 12.9 பலமானதுதானே?

பலம் கூட, பொறுமை குறைவு. துருவும் கீறலும் பட்டால் சொல்லாமல் முறிகிற வகை அது. கம்பனி 10.9 போட்ட இடத்தில் 10.9, நட்டும் அதற்கு ஏற்ற 10 இலக்கத்தது.

புதுக்குடியிருப்பு: லோவர் ஆம் புஷ் புதிதாகப் போட்டு மூன்று மாதம்தான். றப்பர் கிழிந்துவிட்டது. புஷ் போலியா அண்ணை?

போலியாக இருக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். இறுக்கும்போது சக்கரம் எங்கே இருந்தது? ஜக்கில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்க இறுக்கியிருந்தால் புஷ்ஷைத் திட்டிப் பயனில்லை.

போல்ட்டின் வேலை புஷ்ஷின் நடுக்குழாயைப் பிறக்கற்றோடு சேர்த்துக் கவ்விப் பிடிப்பது. குழாய் அசையாது. லோவர் ஆம் மேலே கீழே போகும்போது றப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. தொங்கிய நிலையில் இறுக்கினால், வாகனம் நிலத்தில் இறங்கிய உடனேயே றப்பர் முறுகித்தான் நிற்கும். வீட்டில் சும்மா நிற்கும்போதும் அப்படித்தான். அதன் மேல் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் ஒரு கிடங்கில் விழுந்தால் றப்பர் என்ன செய்யும்?

முதலில் நட்டைக் கையால் பிடிக்கிற அளவுக்குப் போடுங்கள். சக்கரத்தை மாட்டி நிலத்தில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு முறை அமுக்கி விட்டு, அதன்பிறகு கடைசி இறுக்கு. கீழே படுக்க இடமில்லையென்றால் ஆமின் நுனியில் ஜக்கைக் கொடுத்து, நிலத்தில் நிற்கிற உயரத்துக்கு லோவர் ஆமை உயர்த்தியும் செய்யலாம்.

தருமபுரம்: முறுக்கை அளந்து இறுக்குகிற டோர்க் ரென்ச் இல்லை. வாங்கவும் இப்போது வசதியில்லை.

வீட்டில் நெல் மூட்டை நிறுக்கிற தொங்கு தராசு இருக்கும்தானே? ஸ்பனரில் குழாயைச் செருகி, போல்ட்டின் நடுவிலிருந்து சரியாக அரை மீற்றரில் அடையாளம் வையுங்கள். அந்த இடத்தில் தராசைக் கொழுவி, குழாய்க்குச் செங்குத்தாக மெதுவாக இழுங்கள். 20 கிலோ காட்டினால் அது ஏறத்தாழ 98 நியூட்டன் மீற்றர். எவ்வளவு வேண்டும் என்பது உங்கள் வாகனத்தின் கைநூலில் இருக்கும், போல்ட்டுக்குப் போல்ட் மாறும். டோர்க் ரென்ச் அளவுக்குத் துல்லியம் வராது, ஆனால் 'இன்னும் ஒரு இழுப்பு இழு' என்பதை விடப் பல மடங்கு மேல். காற்றில் நட்டைச் சுழற்றுகிற துப்பாக்கி கழற்றுவதற்கு மட்டும்.

ஒட்டுசுட்டான்: நைலோன் வளையம் வைத்த நட், நட் கழராமல் துளைக்குள் செருகி வளைக்கிற கொட்டர் பின், திரும்பப் போடலாமா?

இரண்டும் புதிது. கொட்டர் பின் துளை ஒத்துவராவிட்டால் நட்டை அடுத்த பள்ளம் வரை இறுக்குங்கள், தளர்த்திச் சரிசெய்யாதீர்கள். சைலன்சர் பக்கம் நைலோன் நட் வேண்டாம், சூட்டில் இளகும்.

முறிகண்டி: டிமோ பட்டா சின்ன லொறியின் வில்தகட்டை அச்சோடு பிடிக்கிற யூ போல்ட்டை லேத்தில் கம்பி வளைத்துச் செய்து தருகிறார்கள். போடலாமா?

கட்டடக் கம்பியைச் சூடாக்கி வளைத்ததென்றால் வேண்டாம். கழற்றிய பழையதையும் போட வேண்டாம், அது ஏற்கெனவே இழுபட்டது. புதியதை வாங்கி நான்கு நட்டையும் குறுக்காக மாறி மாறி இறுக்குங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும், அப்புறம் மணல் ஏற்றிய முதல் நாளுக்குப் பிறகும், திரும்பப் பிடித்துப் பாருங்கள். யூ போல்ட் தளர்ந்தால் வில்தகட்டின் நடுப்போல்ட் முறியும். அச்சு ஒரு பக்கம் பின்னால் போய், வாகனம் நண்டு மாதிரி ஓடும்.

நெடுங்கேணி: ஷொக் கழற்றும்போது ஒரு போல்ட்டில் வட்ட வாசர் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. பிழையான சாமானா?

இல்லை தம்பி, அது கம்பர் போல்ட். அதைத் திருப்பித்தான் சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்வது. கழற்ற முன் பெயின்ரால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு வைத்து மாட்டுங்கள். பிறகு அலைன்மென்ற் கட்டாயம்.

பூநகரி: தம்பி, பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். முறிந்த போல்ட்டை ஒட்டிப் போட்டும் ஓடினோம். இப்போது இலக்கம், மரை, மொழுக்கு என்கிறீர்கள்.

உண்மை ஐயா. எனக்குத் தொழில் படிப்பித்தவரும் அந்தக் கூட்டம்தான். ஆனால் அப்போது எங்கள் வீதிகளில் யாரால் வேகமாக ஓட முடிந்தது? இன்று அதே கார் கண்டி வீதியில் ஏறினால் என்ன வேகத்தில் போகிறது என்று பாருங்கள். ஒட்டும்போது படுகிற சூட்டில், பதமாக்கிய போல்ட்டின் பதம் போய்விடும். ஒட்டின இடம் நின்றாலும் அதன் பக்கத்தில் முறியும். உங்கள் காரில் அந்தக் காலத்துப் போல்ட் இன்னும் இருந்தால் ஒரு நாள் கொண்டுவாருங்கள் ஐயா, கழற்றிப் பார்க்க எனக்கும் ஆசை. புதியதை நானே போட்டுத் தருகிறேன்.