ஹாரன் அடிக்காத நெரிசல்: பாங்காக் பற்றி வாசகர் கேள்விகள்

முதல் வெளிநாட்டுப் பயணம் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாங்காக். சரி, இந்த முறை அந்த ஊர் மட்டும்.

நானும் கணவரும் ஜனவரியில் பாங்காக் போகிறோம். இரண்டு பேருக்குமே இதுதான் முதல் வெளிநாடு. இறங்கியதும் எப்படி இருக்கும்? கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.
(வாசகி, காரைக்குடி)

மிரள மாட்டீர்கள் அம்மா. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் ஜவுளி எடுத்தவர்களுக்கு எந்த ஊர்க் கூட்டமும் கூட்டமே இல்லை. உங்களைக் குழப்பப்போவது வேறு ஒன்று: ஊர் பாதி தெரிந்த மாதிரியே இருக்கும். விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி, அவர்கள் வாயில் அது சுவன்னபூம். புறப்பாட்டுப் பகுதியில் பாற்கடல் கடையும் சிற்பம் ஒன்று நீளமாக நிற்கும், அதைத் திரும்பி வரும்போதுதான் பார்ப்பீர்கள். ராஜாக்களுக்கு ராமா என்று பட்டம், பழைய தலைநகர் அயுத்தயா. அட, நம்ம ஊர்தான் போலிருக்கிறதே என்று தைரியமாக வெளியே வந்து ஒரு பெயர்ப்பலகையைப் படிக்கப் பார்த்தால் ஒரு எழுத்துகூடப் பிடிபடாது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியும் இல்லாமல் வரி முழுக்க ஒரே பின்னலாக ஓடும். இதில் வேடிக்கை, அந்த எழுத்துக்கு மூதாதை நம் பல்லவர் எழுத்து. கெமர் நாடு, அதாவது இன்றைய கம்போடியா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. 'கே' எழுதும்போது நாம் கொம்பை முன்னால் போடுகிறோம் இல்லையா, அவர்களும் அந்த ஓசைக்கான குறியை மெய்யெழுத்துக்கு முன்னால்தான் போடுகிறார்கள். ரயிலில் உட்கார்ந்து, பலகையில் இருக்கும் அவர்கள் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு நான் கண்டுபிடித்த ஒரே விஷயம் அது, அன்றைக்கு முழுக்க அதற்கே பெருமை தாங்கவில்லை.

அப்புறம் சத்தம். 2011-ல் முதல் தடவை போனபோது டாக்ஸியில் ஒரு சிக்னலில் மாட்டிக்கொண்டோம். சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் எண்கள் நூறுக்கு மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்குகின்றன. கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரம் ஏசி காற்றில் லேசாக ஆடுகிறது, டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்து சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஒருவழியாகப் பச்சை விழுந்தது, முன்னால் நின்ற கார் நகரவில்லை. சரி, இப்போது அடிப்பார்கள் என்று நானும் காத்திருந்தேன். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்தக் கார்க்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கும்வரை பின்னால் நின்ற அத்தனை வண்டிகளும் காத்திருந்தன, எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சென்னையை மிஞ்சும் நெரிசல் அங்கே உண்டு, ஆனால் சத்தத்தை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டார்கள். முதல் நாள் சாலையைக் கடக்கும்போது இது ஆபத்துகூட, ஏனென்றால் நம் ஆட்கள் பாதிக் கண்ணாலும் பாதிக் காதாலும்தான் கடப்போம். நல்லவேளை, அங்கேயும் வண்டிகள் இடது பக்கம்தான்.

நீங்கள் தங்கும் இடத்து வாசலில் ஒரு கம்பத்தின் மேல் பொம்மை வீடு மாதிரி சின்னக் கோயில் இருக்கும். அந்த மண்ணின் காவல் தெய்வத்துக்கு வைத்தது, நம் எல்லைச்சாமி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். படையலாகப் பூ, ஊதுவத்தி, அதோடு சிவப்பு ஃபாண்டா பாட்டில். மூடி திறந்து, ஸ்ட்ரா போட்டு! சாமி எப்படிக் குடிக்கும் என்றுவரை யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

இன்னொன்று, மாலை ஆறு மணிக்கு ரயில் நிலையத்தில் இருந்தால் சட்டென்று நின்றுவிடுங்கள். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் தேசிய கீதம் போடுவார்கள். அது தெரியாமல் நான் மட்டும் விறுவிறுவென்று நடந்து, சிலை மாதிரி நின்ற ஒரு பள்ளிக்கூடப் பையன் முதுகில் மோதினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்த பிறகு திரும்பிச் சிரித்தான்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக டாக்ஸியா, ரயிலா? இரண்டு பெரிய பெட்டிகள் இருக்கும்.
(வாசகர், கோவை)

இரண்டு பெட்டி என்றால் டாக்ஸி. வருகைக் கூடத்தில் வந்து கேட்பவர்களிடம் பேச்சுக் கொடுக்காமல் நேரே தரைத்தளத்துக்கு இறங்குங்கள். அங்கே இயந்திரம் ஒரு சீட்டு தரும், அதிலுள்ள எண்ணுக்கு நேராக உங்கள் வண்டி நிற்கும். மீட்டர் 35 பாட் (அவர்கள் ஊர்ப் பணம்) என்று தொடங்கும், மீட்டருக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட், மேம்பாலச் சாலையில் போனால் சுங்கம் தனி. இதெல்லாம் முறையானதுதான், ஏமாற்றுகிறார் என்று டிரைவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். தோளில் ஒரு பை மட்டும் இருந்தால் ரயில்தான் புத்திசாலித்தனம்: கடைசி நிலையமான பயா தாய் வரை 45 பாட், அரை மணி நேரத்துக்குள் போய்விடும், அங்கேயே பறக்கும் ரயிலுக்கு மாறலாம். ரயில் இருக்கும் அடித்தளத்தில் பணம் மாற்றும் கடைகளும் உண்டு. மேலே கண்ணில் படும் முதல் கவுண்டரிலேயே மொத்தப் பணத்தையும் மாற்றிவிடாமல் கொஞ்சம் பொறுத்து அங்கே மாற்றினால் விலை நன்றாகக் கிடைக்கும்.

கிளம்புமுன் ஒரு வேலை: 2025 மே 1 முதல் வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். அது இலவசம். காசு கேட்கும் தளம் அரசு தளம் அல்ல.

டுக்டுக் என்கிற அந்த ஊர் ஆட்டோக்காரர்கள் ஏமாற்றுவார்களாமே?
(வாசகர், திருநெல்வேலி)

ஏமாந்தவனிடமே கேட்கிறீர்கள். கிராண்ட் பேலஸ் என்கிற ராஜாவின் பெரிய அரண்மனைச் சுவரோரம் நடந்துகொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், நல்ல ஆங்கிலம். பார்த்தால் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் மாதிரி ஒரு பெரியவர். "இன்றைக்கு ஏதோ பூஜை, மதியம் வரை அரண்மனை மூடியிருக்கும்" என்றார். பாவம் போல் முகத்தை வைத்துக்கொண்டு, அதுவரை மற்ற புத்தர் கோயில்களைப் பாருங்களேன், 20 பாட்டுக்கு டுக்டுக் பேசித் தருகிறேன் என்று அவரே கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். முதலில் ஒரு கோயில். அடுத்தது ஒரு தையல் கடை. அதற்கடுத்தது நீலக்கல், கெம்புக்கல் விற்கும் கடை. அங்கே ஒருவர் இந்தக் கல்லை ஊரில் கொண்டுபோய் விற்றால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கல் வாங்கவில்லை. ஆனால் தையல் கடையில் அளவெடுத்து முன்பணம் கொடுத்த சட்டை இரண்டு இன்னும் பீரோவில் கிடக்கிறது, கழுத்து பிடிக்கிறது. திரும்பி வந்தால் அரண்மனை வாசலில் ஜே ஜே என்று கூட்டம், காலையிலிருந்தே திறந்துதான் இருந்திருக்கிறது.

காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட் கொடுப்பார்கள், வெளிநாட்டவருக்கு 500 பாட். மூடியிருக்கிறதா என்பதை வாசல்வரை போய் உங்கள் கண்ணால் பாருங்கள். முழங்காலும் தோளும் மூடிய உடை கட்டாயம். உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவரில் அவர்களுடைய ராமாயணம் 178 ஓவியங்களாக ஓடுகிறது, அனுமன் வெள்ளை வெளேரென்று இருப்பார். அதற்கே அரை நாள் வேண்டும், நான் அதைத்தான் தையல் கடையில் தொலைத்தேன். இப்போது அரண்மனைப் பக்கம் சனாம் சாய் நிலையம் வரை சுரங்க ரயில் வந்துவிட்டது, டுக்டுக் பேச்சே வேண்டாம்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?
(வாசகி, கும்பகோணம்)

பட்டினி இல்லை, ஆனால் "வெஜிடேரியன்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். தெருவோரத்தில் ஒரு அம்மாள் பப்பாளிக் காயைச் சீவி, உயரமான உரலில் போட்டு, மிளகாய், பூண்டு, தக்காளி, காராமணிக்காய் சேர்த்து டொக் டொக்கென்று இடிப்பார். எலுமிச்சை பிழியும்வரை நாக்கில் எச்சில் ஊறும். அடுத்து ஒரு பாட்டிலைக் கவிழ்ப்பார், அது மீன் சாறு. அங்கே அது உப்பு மாதிரி, அதைப் போட்டால் அசைவம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. "ஜே" என்று சொல்லிப் பாருங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, 17 என்று எழுதின மாதிரி இருக்கும். அந்தக் கடையில் மீன் சாறு, முட்டை எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூட இல்லை. உங்கள் மாமியாருக்குப் பிடிக்கும். மற்றபடி தேங்காய்ப்பாலில் ஊறின ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும். மாம்பழ சீசன் ஏப்ரல், மே என்றாலும் மற்ற மாதங்களிலும் கிடைக்கும், விலைதான் கூட.

பாங்காக் போகிறேன் என்றதும் நண்பர்கள் ஒரு மாதிரி சிரிக்கிறார்களே?
(வாசகர், சேலம்)

மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பு நின்றுவிடும், சில பேர் முகத்தில் அனுதாபம்கூடத் தெரியும்.

அங்கே தமிழ்க் கோயில் இருக்கிறதா?
(வாசகர், சிதம்பரம்)

சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில், 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. பறக்கும் ரயிலில் சுரசாக் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். உள்ளே போனால் கையில் மாலையும் தட்டுமாக நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்தான். வாட் கேக் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும்; கேக் என்றால் விருந்தாளி, நம்மவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் அதுதான்.

சிதம்பரத்துக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பழைய நகரத்தில் வானுயரச் சிவப்புத் தூண்களோடு பெரிய ஊஞ்சல் சட்டம் ஒன்று நிற்கிறது. முன்பெல்லாம் மார்கழி, தை வாக்கில் இளைஞர்கள் அதில் உயர உயர ஆடிப்போய், கம்பத்தில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம். 1935-ல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள், சடங்கு மட்டும் பக்கத்திலுள்ள பிராமணர் கோயிலில் நடக்கிறது. அதன் பெயர் திரியம்பாவை திரிபாவை, அதாவது திருவெம்பாவையும் திருப்பாவையும். பாட்டையும் ஓதுகிறார்கள். உச்சரிப்பு தாய்லாந்து மொழிக்கு மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது, நம் காதுக்குச் சட்டென்று பிடிபடாது.