மூன்று மாதத்தில் ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர் ஆக முடியுமா, தம்பி?

கடியப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறான். வயது 23. பிளஸ் டூ முடித்துவிட்டு விசைப்படகில் போகிறான், சீசனில் பாறையில் முங்கிச் சிப்பியும் எடுக்கிறான். வெளிநாட்டில் ஸ்கூபா டைவிங் இன்ஸ்ட்ரக்டர் ஆக ஆசை. மொத்தப் பணத்தையும் இப்போதே கட்டினால், தாய்லாந்தில் மூன்றே மாதத்தில் இன்ஸ்ட்ரக்டர் ஆக்கி மாலத்தீவில் வேலையும் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறாராம். "நம்பலாமா அண்ணே? என் இங்கிலீஷ் போதுமா? அம்மா வேறு பயப்படுகிறார்" என்று கேட்கிறான்.

தம்பி, அந்த மூன்று மாதக் கணக்கை நம்பாதே. அது நடக்காது. உலகத்தில் அதிகம் பேர் ஸ்கூபா படிக்கிற பேடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் விதியைச் சொல்கிறேன். இன்ஸ்ட்ரக்டர் பயிற்சியில் சேர வேண்டுமென்றால், நீ டைவர் சான்றிதழ் வாங்கி குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். இறுதித் தேர்வுக்குப் போகும்போது இறங்கியதையெல்லாம் எழுதிவைக்கும் உன் லாக் புக்கில் 100 டைவ் இருக்க வேண்டும். நீ சிப்பிக்கு முங்கியதெல்லாம் இதில் சேராது, முதுகில் காற்று டேங்க் கட்டி இறங்கியது மட்டும்தான் கணக்கு. டேங்க் பக்கமே போகாத உன்னை மூன்று மாதத்தில் இன்ஸ்ட்ரக்டர் ஆக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு இந்தத் தொழில் தெரியாது, அல்லது உன் பணம் மட்டும் போதும் அவருக்கு. இரண்டில் எதுவானாலும் பணத்தைக் கொடுத்துவிடாதே.

அந்த 6 மாதம் என்பது முதல் சான்றிதழான ஓபன் வாட்டர் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். அதற்காக வெளிநாடு போக வேண்டியதே இல்லை. புதுச்சேரியில் இருக்கிறது, கர்நாடகத்தில் முருடேஸ்வர் பக்கம் நேத்ராணி தீவு இருக்கிறது, அந்தமான் இருக்கிறது. நாலைந்து நாள் வேலைதான், 18 மீட்டர் வரை இறங்கலாம். அதை முடித்துவிட்டு ஊருக்கு வந்து படகு வேலையைப் பார். நாள் தன்பாட்டில் ஓடட்டும், கையிலும் நாலு காசு சேரட்டும். அதற்குள் இந்தத் தொழில் உனக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். அடுத்த படியான அட்வான்ஸ்டு ஓபன் வாட்டரையும் முடிந்தால் இந்தியாவிலேயே முடித்துவிடு. அப்புறம் ரெஸ்க்யூ டைவர், டைவர்களைக் கூட்டிப்போய் வழிகாட்டும் டைவ்மாஸ்டர், கடைசியில் இன்ஸ்ட்ரக்டர். வெளிநாட்டுக்குச் செலவழிப்பதாக இருந்தால் டைவ்மாஸ்டர் கட்டத்திலிருந்து செலவழி. மேற்குக் கரை மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தாய்லாந்தில் நான் இருக்கும் கோ தாவ் தீவில் அந்த மாதங்களில் கடல் நன்றாகவே இருக்கும். படகு கட்டிக் கிடக்கும் நாட்களில் வந்து டைவ்மாஸ்டர் பயிற்சியைத் தொடங்கலாம்.

உனக்குக் கஷ்டமாக இருக்கப்போவது எது என்று சொல்கிறேன். நான் முட்டத்துக்காரன், நம் பையன்களைத் தெரியும். டைவ்மாஸ்டருக்கு 400 மீட்டர் நீச்சல், 15 நிமிடம் தண்ணீரில் மிதந்து நிற்பது, 800 மீட்டர் ஸ்நார்க்கல் நீச்சல், களைத்துப்போனவரை 100 மீட்டர் இழுத்து வருவது என்று சோதனைகள் உண்டு. வெள்ளைக்காரப் பையன்கள் அதற்கு மூச்சு வாங்குவார்கள், உனக்கு அது ஒன்றுமே இல்லை. நீரோட்டத்தைப் பார்த்த பார்வையில் கணித்துவிடுவாய். இடிக்கப்போவது உன் மூச்சுதான்.

சிப்பி எடுக்கிறவன் மேலே மூச்சை இழுத்துக்கொண்டு, அடக்கியபடியே போய் அடக்கியபடியே வருவான். அதில் ஆபத்து குறைவு. மேலே இழுத்த காற்று ஆழத்தில் சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். டேங்கில் அப்படி இல்லை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே, டேங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அதை வெளியே விடாமல் அடக்கினால் நுரையீரல் கிழியும். ஆள் போகலாம். அதனால்தான் ஸ்கூபாவில் முதல் பாடமே மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. சின்ன வயதிலிருந்து அடக்கிப் பழகிய உடம்பு, பதறும்போது தானாக அடக்கும். இங்கே வந்த நம் கரைப் பையன்களிடம் இதை நேரில் பார்த்திருக்கிறேன். ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்ப மாட்டும் பயிற்சி ஒன்று உண்டு. ரெகுலேட்டர் வாயில் இல்லாத அந்த நேரத்தில் உதட்டைச் சற்றே திறந்து சிறு குமிழிகளாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் பையன் வாயை இறுக்கமாக மூடிவிடுவான், ஒரு குமிழிகூட வராது. கல்போல நிதானமாக இருப்பான், பயமே இருக்காது, ஆனால் தப்பாகச் செய்துகொண்டிருப்பான். இந்தப் பழக்கம் மாறத்தான் நாள் ஆகும். 100 டைவ் என்று விதி வைத்திருப்பதில் எனக்கு முழு உடன்பாடு. முடிந்தால் இன்னும் கூடுதலாகவே இறங்கிவிட்டு வா.

அதற்கும் முன்னால் காதைக் காட்டு. சிறு வயது முதல் முங்குகிறவர்களில் செவிப்பறை பழுதானவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். டைவ்மாஸ்டருக்கும் இன்ஸ்ட்ரக்டருக்கும் 12 மாதத்துக்குள் மருத்துவர் கையெழுத்திட்ட சான்று கேட்பார்கள். ஆசாரிப்பள்ளத்திலோ நாகர்கோவிலிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, ஆழத்தில் இறங்கும் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிப் பரிசோதனை செய்துகொள். ஆஸ்துமா, சைனஸ் இருந்தால் மறைக்காதே. எந்தக் கோர்ஸுக்கும் பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடு.

இங்கிலீஷ் விஷயம். இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி ஏறக்குறைய இரண்டு வாரம். அதன்பின் வெளியிலிருந்து பரிசோதகர் வந்து இரண்டு நாள் தேர்வு நடத்துவார், உனக்குச் சொல்லிக்கொடுத்தவர் உன்னைத் தேர்ச்சி ஆக்க முடியாது. எழுத்துத் தேர்வில் இயற்பியல், உடலியல், கருவிகள் எல்லாம் வரும், 75 சதவீதம் வேண்டும். மேலே 6 லிட்டர் இருக்கும் பலூன் 20 மீட்டரில் எத்தனை லிட்டர் என்று கேட்டால், அங்கே அழுத்தம் மூன்று மடங்கு, ஆகவே 2 லிட்டர். பிளஸ் டூ படித்தவனுக்கு இது போதும். விதிமுறைத் தேர்வை விதிப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். வகுப்பில் நின்று ஒரு பாடத்தை விளக்குவதும், தண்ணீரில் பாடம் நடத்துவதும்தான் இங்கிலீஷ் கேட்கும் இடம். அலங்கார இங்கிலீஷ் வேண்டாம். இப்போது என்ன செய்யப்போகிறோம், ஏன், எப்படி, என்ன சைகை என்று சின்னச் சின்ன வாக்கியமாகத் தடுமாறாமல் சொன்னால் போதும். இப்போதிருந்தே தினமும் ஒரு விஷயத்தை எடுத்து இங்கிலீஷில் விளக்கி போனில் பதிவு செய்து கேள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இன்ஸ்ட்ரக்டர் வேலையில் மீனைவிட அதிகம் பார்ப்பது பயந்த முகங்களைத்தான். ஆறு மீட்டரில் ஒரு பெண்ணுக்கு மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தது என்று வை. கண் விரியும், ஒரு கை மாஸ்க்கைப் பிடுங்கப் போகும், கால் மேலே ஏற உதைக்கும். நீ பதறாமல் டேங்க் மாட்டியிருக்கும் அவளுடைய டைவிங் ஜாக்கெட்டின் பட்டையைப் பிடித்து, கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், நில், மெதுவாக மூச்சு விடு என்று கையால் காட்ட வேண்டும். நாலு மூச்சு ஒழுங்காக வந்தபின், மாஸ்க்கின் மேல்விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதவைக்க வேண்டும். இதே பாடம் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, நாளைக்கும் இதே. தண்ணீருக்குப் பயப்படுகிறவனைக் கண்டால் சிரிப்பு வருமென்றால் இந்த வேலை வேண்டாம். பொறுமை வருமென்றால் இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. மற்றபடி டேங்க் சுமப்பது, ஜாக்கெட் கழுவுவது, படகு துடைப்பது எல்லாம் உண்டு, அது உனக்குப் புதிதல்ல.

பணம். விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையோடு நிற்காது. தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், புத்தகங்கள், முதலுதவி இன்ஸ்ட்ரக்டர் பகுதி எல்லாம் தனியாக வரலாம். பிறகு வருடாவருடம் உறுப்பினர் சந்தா, காப்பீடு. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள். வேலை கிடைத்தபின் கோ தாவில் பெரும்பாலும் எத்தனை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாயோ அதற்கேற்பக் கூலி, சீசன் படுத்தால் வருமானமும் படுக்கும். மாலத்தீவு ரிசார்ட்டில் மாதச் சம்பளம், தங்க இடம், சாப்பாடு. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவனுக்கு மாலத்தீவுதான் சரி. திருவனந்தபுரத்திலிருந்து பக்கம் என்பதால் அவசரத்துக்கு ஊர் போய்வரவும் முடியும். கற்றுக்கொள்ள கோ தாவ், சம்பாதிக்க மாலத்தீவு. நான் குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டேன், அதற்கு முன்னால் மாலத்தீவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதே. 2017இல் ஒக்கி புயல் வந்துபோனபின் நம் கரையில் எந்த அம்மாவுக்கும் கடல் என்றாலே வயிறு கலங்கும். இந்த வேலையில் ராத்திரி நடுக்கடலில் கிடப்பதில்லை, கரை தெரியும் தூரத்தில்தான் பெரும்பாலும் இறங்குவோம் என்று சொல். மாலத்தீவில் 30 மீட்டருக்குக் கீழே விருந்தினரை இறக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கடல் மோசமானால் டைவ் ரத்து. தனியாக யாரும் இறங்குவதில்லை. உன் வாயால் சொல்வதைவிட, ஓபன் வாட்டர் கோர்ஸுக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போய் படகில் உட்காரவைத்தால் நல்லது.

விசா. டூரிஸ்ட் விசாவில் வந்து வேலை செய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே, பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை அனுமதி, ஒப்பந்தம் இரண்டும் கையில் வந்தபிறகுதான் டிக்கெட். பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும் என்ற குறிப்பு, இருக்கிறதா என்று பார். தாய்லாந்து அந்த நாடுகள் பட்டியலில் வருகிறது, பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டி அதை நீக்கிக்கொள்ளலாம். காது பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுது. சரி என்றால் எந்த மாதம் வரலாம், எங்கே தங்கலாம் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.