இரவில் சைக்கிள் ஓட்டுவோருக்கு: விளக்குகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: தெருவிளக்கே இல்லாத சாலையில் தினமும் வேலை முடிந்து திரும்புகிறேன். முன்விளக்குக்கு எத்தனை லூமன் வேண்டும்?

பதில்: லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. அதில் சாலைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை லக்ஸ் சொல்லும். டார்ச் போல வட்டமாகப் பரவும் விளக்கு ஆயிரம் லூமன் இருந்தாலும், பெரும்பகுதியை மரக்கிளைக்கும் எதிரே வருபவரின் கண்ணுக்கும் கொடுத்துவிடும். மேல்விளிம்பு கத்தரித்தாற்போல் நிற்கும் ஒளி என்றால் மிதமான வேகத்துக்கு 300 லூமனே போதும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஐந்தரை மீட்டர் கடக்கிறீர்கள். பள்ளத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்பதற்குள் சுமார் பத்து மீட்டர் ஓடிவிடும். அதில் இரு மடங்கு தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும்.

வாங்கியதும் சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்துங்கள். விளக்கின் உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே விழ வேண்டும். விளக்கின் முகத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள்!

கேள்வி: 800 லூமன் போதுமா, ஐயா?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: பின்விளக்கு மின்ன வேண்டுமா, நிலையாக எரிய வேண்டுமா?

பதில்: இரவில் நிலையாக.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்து ஆண்டுகளாக மின்னும் விளக்கோடுதான் ஓட்டுகிறேன். மின்னினால்தான் கண்ணில் படும்.

பதில்: கண்ணில் படும், மறுக்கவில்லை. பகலில் நானும் மின்னவிடுகிறேன். ஆனால் இருட்டில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பின்னால் வருபவர் கணிக்க வேண்டுமே! ஒரு தூறல் இரவில், மின்னும் விளக்கு கட்டிய நண்பரின் பின்னால் போனேன். சிவப்பு, இருட்டு, சிவப்பு. இடைவெளி குறைந்ததே தெரியவில்லை. என் முன்சக்கரம் அவருடைய மட்கார்டில் உரசிய பிறகுதான் தெரிந்தது. கார் ஓட்டுபவருக்கும் அதே கண்தான்.

கேள்வி: (அவரே) அப்படியானால் இரண்டையும் கட்டினால்?

பதில்: அது நல்ல யோசனை. ஒன்று நிலையாக எரியட்டும், மற்றொன்று மெதுவாக மின்னட்டும். ஒன்று அணைந்தாலும் மற்றொன்று காப்பாற்றும்.

கேள்வி: 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 அளவு பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த அளவு செல்லில் சுமார் 3500 முதல் 4000 வரைதான் உச்சம். அட்டையிலேயே பொய் சொல்பவர் பாதுகாப்பு மின்சுற்றை ஒழுங்காக வைத்திருப்பார் என்று நம்பி வீட்டுக்குள் சார்ஜ் போடாதீர்கள்.

கேள்வி: ஒளிரும் மேலாடை அவசியமா?

பதில்: முதலில் கணுக்காலில் ஒளிர்பட்டை கட்டுங்கள். பெடலோடு அது ஏறி இறங்குவதைப் பார்த்தவுடன் சைக்கிள் என்று புரிந்துவிடும். ஆனால் வண்டியின் வெளிச்சம் மேலே விழுந்தால்தான் பட்டை ஒளிரும். குறுக்குத் தெருவிலிருந்து வருபவருக்கு உங்கள் விளக்குதான் தெரியும்.

கேள்வி: மழைக்கு?

பதில்: சாரலுக்கு ஐபிஎக்ஸ்4 (நீர்த்தெறிப்பைத் தாங்கும் என்பதற்கான குறியீடு) தரம் தாங்கும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை அழுத்தி மூடுங்கள்.

கேள்வி: 1200 லூமன் வாங்கினால் இன்னும் பாதுகாப்புதானே?

பதில்: தாழ்த்திக் கட்டினால் சரி. சுவர்ச் சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எதிர்வரும் வெளிச்சத்தைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. எந்த விளக்கு வாங்கலாம்?

பதில்: விளக்கு பிறகு. இந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை இரவில் ஓட்ட வேண்டாம்.