டர்போவில் பாகம் மாற்றினால் மறுபடியும் பேலன்சிங் போட வேண்டுமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு டிப்பர் உரிமையாளர் கேட்டிருக்கிறார். புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான் டர்போ. அதில் காற்றைத் தள்ளுகிற கம்ப்ரஸர் வீலின் இறக்கை உடைந்துவிட்டதாம், புது வீலும் வாங்கியாயிற்றாம். "கம்பெனியிலேயே பேலன்ஸ் பண்ணித்தான் வருது, அப்படியே மாட்டிடலாம்" என்கிறாராம் மெக்கானிக்.

அப்படியே மாட்ட விடாதீர்கள் அண்ணா. புது வீல் பேலன்ஸ் ஆகி, அதாவது எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்படி சரிசெய்யப்பட்டு வருவது உண்மைதான். ஆனால் அது தனியாகச் சுற்றப்போவதில்லை. டர்பைன் ஷாஃப்ட், அது முன்பின் நகராமல் தடுக்க உதவும் த்ரஸ்ட் காலர், வீல், நட் எல்லாம் இறுகி ஒரே உருப்படியாகச் சுற்றும். ஒவ்வொன்றிலும் ஒரு துளி பிசகு மிச்சம் இருக்கும், அதெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் வந்தது வினை. நட்டின் முகம் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலே இறுக்கும்போது ஷாஃப்ட் வளையும்.

லாரி டர்போ நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்று தொடுவது சாதாரணம். சின்ன கார் டர்போ 2 லட்சத்தையும் தாண்டும். மையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி வெறும் 0.1 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 1 லட்சம் சுற்றில் அது சுமார் 33 கிலோ பாரத்தின் பலத்தோடு ஷாஃப்ட்டை வெளியே இழுக்கும். நொடிக்கு 1,600 தடவைக்கு மேல் அந்த இழுப்பு சுற்றிச் சுற்றி வரும். அதைத் தாங்க வேண்டியது ஷாஃப்ட் சுற்றுகிற புஷ்ஷுக்குள் இருக்கும் எண்ணெய்ப் படலம், ஒரு தலைமுடிக் கனம்கூடக் கிடையாது.

தருமபுரியில் பட்டறை போட்ட புதிதில் நானும் இதே தவறைச் செய்தேன். வீலை மாற்றி, கையால் சுற்றிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஐடிலிங்கில் சத்தமே இல்லை. அந்த லாரி சேலத்திலிருந்து கம்பி ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான் சங்கு ஊதுகிற மாதிரி சத்தம் கேட்டிருக்கிறது. கொஞ்ச நாளில் டர்போவிலிருந்து காற்று போகிற இன்டர்கூலர் பைப்பெல்லாம் எண்ணெய். கழற்றினால் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து, வீல் ஹவுசிங்கில் உரசியிருந்தது. முழு செலவையும் நானே ஏற்றுக்கொண்டேன். அந்த ஓட்டுநர் பாரத்தோடு கணவாயில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்னும் மனதில் இருக்கிறது.

ஹவுசிங், ஆக்சுவேட்டர், கேஸ்கெட், ஆயில் பைப் மாற்றினால் பேலன்சிங் வேண்டாம், அவை சுற்றுவதில்லை. பேலன்ஸ் ஆன முழு கோர் (ஷாஃப்ட், வீல், புஷ் எல்லாம் சேர்ந்த நடுப்பகுதி) வாங்கி மாட்டினாலும் வேண்டாம். புஷ் மாதிரி தேய்கிற பாகங்கள் சேர்ந்து வரும் ரிப்பேர் கிட் போடுவதில்தான் ஆளுக்கொரு பேச்சு. ஷாஃப்ட், வீல், நட் மூன்றிலும் கழற்றும் முன்பே ஒரே நேர்க்கோட்டில் கீறி, அதே கோட்டில் திரும்ப மாட்டினால் போதும் என்பார்கள். (பல டர்போக்களில் அந்த நட் இடது மரை, தெரியாமல் திருகி ஷாஃப்ட்டைக் கெடுத்தவர்கள் உண்டு.) கோடு போடுவது அவசியம்தான். ஆனால் கிட்டில் வரும் த்ரஸ்ட் காலரும் சுற்றுகிற பாகம் ஆயிற்றே, அதனால் நான் கிட் போட்டாலும் பேலன்சிங்குக்கு அனுப்பிவிடுவேன்.

கொடுக்கிற இடத்தில் இரண்டு வேலையும் செய்கிறார்களா என்று கேளுங்கள். ஷாஃப்ட்டையும் வீலையும் முதலில் மெதுவான மெஷினில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பிறகு கோரை முழுதாகப் பூட்டி, எண்ணெய் அழுத்தம் கொடுத்து, காற்றால் அதிவேகத்தில் சுற்றவிட்டு அதிர்வை அளக்க வேண்டும். அளவு கூடினால் நட்டிலோ வீல் மூக்கிலோ இம்மியளவு உலோகத்தைச் சீவுவார்கள். அந்த அளவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது ஆயில் பைப்பைச் சுத்தம் செய்து, டர்போவின் எண்ணெய் வாயில் புது ஆயில் ஊற்றி, வீலைக் கையால் நாலு சுற்று சுற்றிவிட்டே ஸ்டார்ட் பண்ணுங்கள்.